டார்க்கஸ் கிராமத்துக்குப் போயிருக்கிறாள்

அசுக்வாமா அரண்மனை அலுவலகத்தில் மூன்று கணினிகள், ஒரு பிரிண்டர், ஊரின் இணையதளம் எல்லாமே அஃப்ரியேயின் பொறுப்பு. பதினாலு வருஷமாக. அவற்றில் பிரிண்டர் ஒன்றுதான் தன் பேச்சைக் கேட்கிறது என்பாள், அதுவும் மழைக்காலத்தில் கேட்காது.

வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன்னால் தையல் பள்ளியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தாள். குரல் இரண்டு தெருவுக்குக் கேட்கும். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டது என்றால் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் திடீரென்று வெளியே ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். கடந்த ஆறு வருஷத்தில் அந்தக் கண்ணாடி மூக்கில் இருந்ததைவிட மேசையில் இருந்ததுதான் அதிகம். காரணம் டார்க்கஸ்.

டார்க்கஸ் பெண்பிள்ளை இல்லை. இணையதளத்தை நடத்துகிற மென்பொருளின் பெயர். எந்த நாட்டிலோ நாலு பேர் சேர்ந்து செய்தது. ஊர்த்தலைவர் நானாவின் படம், திருவிழாத் தேதிகள், ஊர் நிலம் கேட்டு வெளியூர்ப் பிள்ளைகள் அனுப்பும் மனுக்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாலு பேரும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இனி டார்க்கஸுக்கு மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை, யாரும் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவர்களாவது ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அஃப்ரியே அன்றே கையால் ஒரு கடிதம் எழுதினாள். நல்ல சுருக்கமான கடிதம். "டார்க்கஸ் செத்துவிட்டது. இதை உடனே இறக்கிவிட்டு வேறொன்று போட வேண்டும். இல்லையென்றால் திருடன் உள்ளே வருவான்." அரண்மனை வழக்கப்படி கையெழுத்துக் கடிதம் பதிவாளரிடம் போகும். அவர் அதை முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கொடுப்பார், எழுதியவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், முதல் காகிதம் கிழிக்கப்படும். பதிவாளர் பெடியாக்கோ. ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் கோயிலில் பிரசங்கம் செய்கிறவர், மெதுவாகப் பேசுகிறவர், எந்தக் காகிதத்தையும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆக்கித்தான் மேலே அனுப்புவார்.

கடிதம் திரும்பி வந்தது. "டார்க்கஸ் கிராமத்துக்குப் போயிருக்கிறாள் என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அஃப்ரியே கண்ணாடியைக் கழற்றினாள். "ஐயா, என்ன இது?"

"ஏம்மா கத்துற? இந்தக் கட்டடத்துல நானா உட்கார்ந்திருக்கார். அவரு காதுல விழுற இடத்துல அந்தச் சொல்லை வாசிக்க முடியுமா? உனக்கே தெரியாதா?"

தெரியும்தான். அசுக்வாமாவில் பிறந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா. நானா கண்ணை மூடினால் "நானா கிராமத்துக்குப் போயிருக்கிறார்" என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவன் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவான். உயிரோடு இருக்கும் நானாவைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அவன் நானாவை வாயால் கொன்றவன். அப்புறம் அவனுக்கு அரண்மனையில் வேலை இல்லை, ஊரில் பேர் இல்லை, சாவு வீட்டில்கூட அவனுக்கு நாற்காலி போட மாட்டார்கள்.

"அது மனுஷங்களுக்குய்யா. இது மென்பொருள்."

"நானாவோட மென்பொருள்தானே? கையெழுத்துப் போடு."

போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. பிற்பாடு அந்தக் கையெழுத்தை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

சபையில் கடிதம் வாசிக்கப்பட்டது. பெரியவர்கள் எட்டுப் பேரும் கவனமாகக் கேட்டார்கள். ஒருவர் டார்க்கஸ் எந்தக் குடும்பத்துப் பெண் என்று விசாரித்தார். பயணம் நல்லபடியாக அமையட்டும், திரும்பி வந்ததும் மேற்கொண்டு பேசலாம் என்று முடிவானது.

மறு வருஷம் அஃப்ரியே உஷாரானாள். அந்தச் சொல்லே வேண்டாம் என்று, "செய்தவர்கள் இதைக் கைகழுவிவிட்டார்கள்" என்று எழுதினாள். பெடியாக்கோ அதை, "செய்தவர்கள் ஓய்வு பெற்றிருக்கிறார்கள்" என்று மாற்றினார். சபை அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லித் தீர்மானம் போட்டது. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று அவளிடமே கேட்டார்கள்.

மூன்றாம் வருஷம் கடிதத்தோடு நேரிலும் போய் விளக்கிப் பார்த்தாள். பெடியாக்கோவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பொறுமையாக, குரலைத் தாழ்த்தி.

"ஐயா, உங்க வீட்டுக்கு ஒரு பூட்டு. பூட்டுக்காரன் இருக்கிற வரைக்கும், அதுல ஓட்டைன்னு தெரிஞ்சா வந்து சரி பண்ணிட்டுப் போவான். இப்ப அவன் கடையை மூடிட்டான். ஆனா ஓட்டை தெரியுறது நிக்கல. வருஷா வருஷம் புதுசு புதுசாத் தெரியுது. எந்தக் கம்பியை எப்படி விட்டா திறக்கும்னு திருடங்க உலகம் பூரா எழுதி ஒட்டியிருக்காங்க. நம்ம கதவுல இன்னும் அதே பூட்டுதான் தொங்குது."

"ஆனா கதவு திறக்குது, மூடுதுல்ல?"

"திறக்குது, மூடுது."

"அப்புறம் என்ன? காலையில நான் பார்த்தேனே, நானா படம் பளிச்சுனு இருந்துச்சு." பிறகு குரலைக் குழைத்து, "வேதத்துல டார்க்கஸ்னு ஒருத்தி கிராமத்துக்குப் போறா, ஞாபகமிருக்கா? பேதுரு போய் ஜெபம் பண்ணாரு, எழுந்து உட்கார்ந்தாளா இல்லையா?" என்றார்.

அவள் எழுந்து வெளியே போய், பஸ் நிலையத்தில் போக்குவாவின் கடையில் இரண்டு கென்கே சோள உருண்டையும் பொரித்த மீனும் வாங்கித் தின்றாள். கோபம் வந்தால் அவளுக்குப் பசிக்கும். அந்த ஆறு வருஷத்தில் அவள் பருத்ததற்கு டார்க்கஸ்தான் பொறுப்பு என்பாள் போக்குவா.

நீயே அதைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். போக்குவாவும் கேட்டாள். அதில் நானாவின் படம் இருக்கிறதே. சபையின் தீர்மானம் இல்லாமல் நானாவின் படத்தை எங்கிருந்தும் இறக்கக் கூடாது, சுவரில் இருந்தாலும் சரி, இணையத்தில் இருந்தாலும் சரி. ஆக, அவள் செய்ய முடிந்தது ஒன்றுதான். நிலம் கேட்டு வந்த மனுக்களை, அவற்றோடு வரும் அடையாள அட்டைப் படங்களை, வெள்ளிக்கிழமைதோறும் தனியே ஒரு டிஸ்க்கில் இறக்கிக்கொண்டு தளத்திலிருந்து அழித்துவிடுவாள். மனுக்களை இறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார்கள்.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது கடிதங்களும் போயின. எல்லாவற்றிலும் டார்க்கஸ் கிராமத்திலேயே இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போக்குவா போன் செய்தாள். எப்போதும் கூவிக் கூவி மீன் விற்கிறவள் அன்று கிசுகிசுத்தாள்.

"அக்கா... நானா கிராமத்துக்குப் போயிட்டாரா?"

"என்னடி உளறுற? முற்றத்துல உட்கார்ந்து கஞ்சி குடிச்சுட்டு இருக்காரு. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

"அப்ப உங்க தளத்துல ஏன் அப்படிப் போட்டிருக்கு? நான் துக்கத்துக்குக் கட்டுற சிவப்புத் துணியை எடுத்து வெளியில வச்சுட்டேன். டிரைவருங்க பாட்டையெல்லாம் நிறுத்திட்டாங்க."

அஃப்ரியே கணினியைத் திறந்தாள். நானாவின் படம் பளிச்சென்றுதான் இருந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில், அசுக்வாமாவில் பிறந்த எந்த வாயும் சொல்லத் துணியாத அந்தச் சொல். நானா இறந்துவிட்டார், கடைசி நிமிட வீடியோவைக் காண இங்கே தட்டுங்கள். தட்டினால் வீடியோ வரவில்லை. போனிலிருக்கும் மோமோ பணத்தின் ரகசிய எண்ணைக் கேட்டது.

ஆறு வருஷமாகச் சொன்னேனே என்று வாய்விட்டே கத்தினாள். தளத்துக்குள் நுழையப் பார்த்தாள். கடவுச்சொல் தவறு என்றது. திருடன் உள்ளே வந்ததோடு நிற்காமல் பூட்டையும் மாற்றிவிட்டான். தளத்துக்கு இடம் வாடகைக்கு விட்டிருந்த கம்பெனிக்கு போன் போட்டாள். ஆட்கள் வரும்வரை காத்திருக்கச் சொல்லி தேவகீர்த்தனை போட்டார்கள். ஒரே கீர்த்தனை, நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் சந்தை பாதி மூடிவிட்டது, அரண்மனை வாசலுக்கு ஒரு சவப்பெட்டிக்காரன் அளவு நாடாவோடு வந்து நின்றான், அவனைப் பார்த்துவிட்டு நானா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

ஒருவழியாகக் கம்பெனிக்காரன் தளத்தின் இணைப்பைத் துண்டித்தான். அவனும் சும்மா விடவில்லை. "டார்க்கஸா? இன்னுமா அதை வச்சிருக்கீங்க மேடம்? அது செத்து எத்தனை வருஷமாச்சு!" என்று கேட்டான். அவள் போனை வைத்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் அது அச்சில் ஏற்றக்கூடியதாக இருந்திருக்காது.

மாலைக்குள் செய்தி வந்தது. திங்கட்கிழமை சபை கூடும். நானாவை வாயால் கொன்றது யார் என்று விசாரிக்கும். தளத்தின் சாவி ஒரே ஆளிடம்தான் இருந்தது.

"நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார் பெடியாக்கோ, அவள் முகத்தைப் பார்க்காமல். "உள்ள போற கடவுச்சொல் உன்கிட்ட மட்டும்தானே இருந்துச்சு? பெரியவங்க அதைத்தான் கேக்குறாங்க."

"கோப்பைக் குடுங்க. என் கடிதங்க இருக்குல்ல, ஆறு வருஷமா? அதைக் காட்டுறேன்."

கோப்பு வந்தது. நல்ல சுத்தமான கோப்பு. ஆறு கடிதங்கள், ஆறிலும் அவள் கையெழுத்து. டார்க்கஸ் கிராமத்துக்குப் போயிருக்கிறாள். செய்தவர்கள் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். டார்க்கஸின் பயணம் சற்றே நீள்கிறது. டார்க்கஸின் நலம் வேண்டுகிறோம். திருடன் என்ற சொல்லைத் தேடினாள். "அழைக்கப்படாத விருந்தினர்" என்று ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அவள் எழுதிய மூலக் கடிதங்கள் கிழிந்து எந்தக் குப்பையிலோ மக்கிப் போயிருந்தன.

பதினாலு வருஷ வேலை. அதுகூடப் போகட்டும். நானாவை வாயால் கொன்றவள் என்ற பேரோடு இந்த ஊரில் எப்படி நடமாடுவது? ஆறு வருஷமாக இந்தச் சத்தத்தையெல்லாம் போட்டது அவள் ஒருத்தி, அவளை நம்பச் சொல்லக் காகிதத்தில் ஒரு வரி இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் யாரோடும் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. போக்குவா கென்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, தொடப்படாமல் கிடந்ததைப் பார்த்து உண்மையாகவே பயந்துபோனாள்.

திங்கட்கிழமை காலை செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அஃப்ரியே சபைக்குள் போனாள். நானா உயரமான ஆசனத்தில் இருந்தார். பக்கத்தில் தங்கப் பூண் போட்ட கோலுடன் சார்ப்பாங் நின்றார். அவர் நானாவின் வாய்மொழியாளர். நானாவிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை, சார்ப்பாங்கிடம் சொன்னால் அவர் மெருகேற்றி நானாவிடம் சொல்வார். மெருகேற்றாமல் எதையும் மேலே அனுப்பாத இன்னொரு ஆள்.

"அந்தப் பக்கத்துல அந்தச் சொல்லைப் போட்டது யாரும்மா?" என்றார் சார்ப்பாங்.

"திருடன். எந்த ஊர்க்காரன்னு தெரியாது. இந்த மாதிரி ஆயிரம் தளத்துல நுழைஞ்சிருப்பான். யாரு படம் இருக்கோ அவங்க பேரைப் போட்டு இதே கதையைக் கட்டுவான்."

"அவன் எப்படி உள்ள வந்தான்?"

"டார்க்கஸ் செத்து ஆறு வருஷமாச்சு. அதான் வந்தான்."

சார்ப்பாங் திரும்பி, குழைந்த குரலில், "நானா, டார்க்கஸ் நெடுநாளாகப் பயணத்தில் இருக்கிறாளாம்" என்றார்.

"இல்லை!" என்றாள் அஃப்ரியே. கண்ணாடியைக் கழற்றினாள். வைப்பதற்கு மேசை இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டாள். "பயணம்னு நான் சொல்லல. செத்துப்போச்சுன்னு சொன்னேன்."

சபையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார். பெடியாக்கோ கண்களை மூடி உதட்டை அசைத்தார், ஜெபமாக இருக்கும்.

"அம்மா," என்றார் சார்ப்பாங், குரல் மாறி, "எங்க நின்னு பேசுறன்னு பார்த்துப் பேசு. உன் ஆறு கடிதத்தையும் வாசிச்சோம். கிராமத்துக்குப் போயிருக்கான்னுதான் நீ கையெழுத்துப் போட்டிருக்க. நாங்க என்ன பண்ணியிருக்கணும்?"

"அதையேதான் நானும் கேக்க வந்தேன்." அவள் சார்ப்பாங்கைப் பார்த்துப் பேசவில்லை. நேராக நானாவைப் பார்த்துப் பேசினாள். அதுவும் குற்றம்தான், ஆனால் குற்றப்பட்டியல் ஏற்கனவே நீளமாகிவிட்டது. "நானாவோட தாய்மாமன், நானாவுக்கு முந்தி இந்த ஆசனத்துல இருந்தவரு, கிராமத்துக்குப் போனாரே, அன்னைக்கு இந்தப் பெரியவங்க என்ன பண்ணாங்க? யாரும் அந்தச் சொல்லைச் சொல்லல. ஆனா ஒரு சொட்டுக் கண்ணீர் விழுறதுக்கு முன்னால ஆசன அறையைப் பூட்டினாங்க. பூட்டுக்கு முன்னால மூணு பேரு நின்னாங்க. பழைய சாவியெல்லாம் வாங்கிட்டாங்க. சந்தை மூடினாங்க. சார்ப்பாங் ஐயாதான் கதவுல நின்னவரு. ஐயா, நின்னீங்களா இல்லையா?"

"நின்னேன்," என்றார் சார்ப்பாங்.

"ஏன் நின்னீங்க? அவரு திரும்பி வருவாருன்னா?"

சார்ப்பாங் கோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க வாயைத்தான் மூடிக்கிட்டீங்க. கண்ணை மூடல, கையைக் கட்டிக்கல. திருடன் வர்ற நேரம் அதுதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. டார்க்கஸுக்கும் அதே வார்த்தையைப் போட்டீங்க. எந்தக் கதவைப் பூட்டினீங்க? யாரை நிக்க வச்சீங்க? நல்லபடியாப் போய்ட்டு வரட்டும்னு வாழ்த்துச் சொன்னீங்க! ஆறு வருஷம் ஒரு பொணத்தை வாசல்ல காவலுக்கு உட்கார வச்சுட்டு, அது தலையில நானா படத்தையும் மாட்டி வச்சிருந்தோம். அதுக்கு நான் ஒருத்திதான் அழுதேன். இப்ப என்னையே கொலைகாரின்னு கூப்பிட்டு நிக்க வச்சிருக்கீங்க."

குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அவளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

நானா சார்ப்பாங்கைக் கையசைத்து அழைத்து அவர் காதில் ஏதோ சொன்னார். சார்ப்பாங் நிமிர்ந்தார். மெருகேற்றுவதா வேண்டாமா என்று அவர் முகத்தில் கொஞ்சம் போராட்டம் நடந்தது.

"நானா கேக்குறார். பதிவாளர் ஐயா, இந்தப் பெண்பிள்ளை முதல் கடிதத்துல என்ன சொல் எழுதியிருந்தா?"

பெடியாக்கோ எழுந்தார். எப்போதும் மடிப்புக் கலையாத மனிதருக்கு அன்று சட்டைக் காலர் நனைந்திருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பிரசங்கம் செய்கிற மனிதர். "அவ இப்பச் சொன்ன அதே சொல்லைத்தான் ஐயா," என்றார். "ஆறு கடிதத்துலயும் அவ எழுதினதை நான்தான் மாத்தினேன். நானாவுக்கு மரியாதையா இருக்கட்டும்னுதான் மாத்தினேன்."

தீர்ப்பு வர ரொம்ப நேரமாகவில்லை. அஃப்ரியேமேல் குற்றம் இல்லை. தண்டோராக்காரர் அன்றே ஊர் முழுக்கப் போக வேண்டும்: நானா நலமாக இருக்கிறார், அந்தப் பக்கத்தைத் தட்டியவர்கள் எல்லாரும் மோமோ எண்ணை இன்றே மாற்ற வேண்டும். டார்க்கஸை முழுசாக அழித்துவிட்டு, உயிரோடு இருக்கும் மென்பொருள் ஒன்றைப் போட வேண்டும். கோப்பில் பதிவாளர் தன் கையாலேயே, மெருகில்லாமல், அந்தச் சொல்லை எழுத வேண்டும்.

அஃப்ரியே மூச்சு விட்டாள். மூன்று நாளில் முதல்முறையாகப் பசித்தது.

"இன்னொன்னு," என்றார் சார்ப்பாங். "ஆசனத்துக்கு முன்னால நின்னு அந்தச் சொல்லைச் சொன்னதுக்கு ஒரு ஆடு."

"அது நிஜமாச்சே!"

"நிஜம்தான். அதான் ஒரு ஆடு. பொய்யா இருந்தா ஏழு."

அவள் ஆசனத்தைப் பார்த்தாள். நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். இந்த ஊரை என்னதான் செய்வது?

புதன்கிழமை பெடியாக்கோ கோப்பில் பேனாவை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். எழுதினார். எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் தயங்கித் தயங்கி அவள் மேசைக்கு வந்தார்.

"புதுசு போட்டுட்டியாமே. இது நல்லதாம்மா? இதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"இதுவும் சாகும். நாலு வருஷம். தேதிகூடப் போட்டிருக்கான், இந்தா பாருங்க. அதுக்கு ஆறு மாசம் முந்தியே வேற போட்டுடணும்."

"ஐயோ, வச்ச அன்னைக்கே அப்படிச் சொல்லாதேம்மா!"

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஆட்டுச் சந்தைக்குப் போனாள்.

மத்தியானம் அரண்மனை வாசலில் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சார்ப்பாங்தான் வெளியே வந்தார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஒரு ஆடுதானேம்மா சொன்னோம்? இது ரெண்டு இருக்கே. இன்னொன்னு எதுக்கு?"

"நாலு வருஷம் கழிச்சு மறுபடியும் வந்து அதே சொல்லைச் சொல்லணும்ல?" என்று கயிற்றை அவர் கையில் திணித்தாள் அஃப்ரியே. "முன்பணம்."